வாசகர் கேள்வி – பதில்: இன்னோர் உலகத்துக் கேப்டன் அமெரிக்கா

கேள்வி: நான் அறிந்த கேப்டன் அமெரிக்கா கனிவும் நிதானமும் உள்ளவர். அண்மையில் 'அல்டிமேட்ஸ்' காமிக்ஸ் தொகுப்பைப் படித்தேன். அதே கொடி, அதே கேடயம். ஆனால் ஆள் கடுஞ்சொல் பேசும் முரடர். ஒரு நல்ல நாயகனை ஏன் இப்படிக் கெடுத்தார்கள்?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: கெடுத்துவிட்டார்கள் என்ற தீர்ப்பை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. மார்வல் நிறுவனம் தன் நாயகர்களின் கதைகளைப் புதிய காலத்தில் முதலிலிருந்து சொல்வதற்காக 2000-ஆம் ஆண்டில் 'அல்டிமேட்' என்ற தனி உலகத்தைத் தொடங்கியது. அதில் 2002 முதல் மார்க் மில்லர் எழுத, பிரையன் ஹிட்ச் வரைய வெளிவந்த தொடர்தான் நீங்கள் படித்தது. மூலக் கதையில் 1945-இல் பனிக்கடலில் உறைந்துபோன ஸ்டீவ் ரோஜர்ஸ் (கேப்டனின் இயற்பெயர்), 1964-இல் வெளியான 'அவெஞ்சர்ஸ்' நான்காம் இதழில் கண்விழிக்கிறார். இடையில் கழிந்தவை ஏறத்தாழ இருபது ஆண்டுகள்தான். அல்டிமேட் உலகத்திலோ அவர் விழிப்பது இருபத்தோராம் நூற்றாண்டில். மற்ற மாற்றங்கள் பலவும் இந்த இடைவெளியிலிருந்தே பிறக்கின்றன.

பக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். மூலக் கதையில் அவன் கேப்டனோடு சேர்ந்து போரிட்ட சிறுவன். கேப்டன் கடலில் விழுந்த அதே வெடிவிபத்தில் இறந்ததாகத்தான் 1964-இல் சொல்லப்பட்டது. அல்டிமேட் உலகத்துப் பக்கி, புகைப்படக் கருவியோடு போர்முனைக்கு உடன் சென்ற இளமைக்கால நண்பன். அவன் பிழைத்து ஊர் திரும்புகிறான். ஸ்டீவ் இறந்துவிட்டார் என்று எல்லோரும் நம்பிய பிறகு, அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த கெயிலை மணந்து ஒரு முழு வாழ்க்கையை வாழ்ந்துவிடுகிறான். பனியிலிருந்து மீண்ட ஸ்டீவ், இளமை மாறாத முகத்தோடு, முதுமையும் புற்றுநோயும் பீடித்த அந்த நண்பன் எதிரில் வந்து நிற்கிறார். கோபப்படுவதற்கு அங்கே யாரும் குற்றம் செய்திருக்கவில்லை. திரும்பிப் போவதற்கு வீடும் இல்லை. எழுபதைத் தாண்டியிருக்க வேண்டிய ஒருவர் தம் தலைமுறையின் பேச்சையும் பிடிவாதத்தையும் சிறிதும் தளர்த்தாமல் இளைஞராக நடமாடுகிறார் என்பதை அந்தச் சந்திப்பை வைத்துத்தான் நான் புரிந்துகொள்கிறேன். இந்தத் தொடரின் மிகச் சிறந்த பகுதியும் அதுவே.

ஆயினும் உங்கள் மனக்குறையில் நியாயம் உண்டு. ஹல்க் என்ற அசுர உருவம் அடங்கி, மீண்டும் வலுவற்ற மனிதனாகிவிட்ட புரூஸ் பானரின் முகத்தில் கேப்டன் உதைக்கும் கட்டத்தை என்னால் ஒருபோதும் ரசிக்க முடிந்ததில்லை. சரணடையச் சொல்லும் எதிரியிடம் தம் நெற்றியிலுள்ள 'ஏ' என்ற எழுத்தைக் காட்டி, "இது பிரான்ஸைக் குறிப்பதாக நினைத்தாயா?" என்ற பொருளில் அவர் சீறும் புகழ்பெற்ற கட்டமும் அப்படிப்பட்டதே. அது வெளியான 2003-இல், ஈராக் போரை எதிர்த்ததற்காகப் பிரான்ஸ் அமெரிக்காவில் கேலிக்கு உள்ளாகியிருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து எட் புருபேக்கர் எழுதிய முதன்மைத் தொடரில், மூல உலகத்துக் கேப்டன் நாஜிகளை எதிர்த்த பிரெஞ்சுப் போராளிகளோடு தாம் தோளோடு தோள் நின்று போரிட்டதை நினைவுகூர்ந்து, அந்த நாட்டைக் கோழை என்று ஏளனம் செய்வோரைக் கண்டு வருந்துகிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், ஒரே சீருடை அணிந்த இருவர் ஒரே போரை எவ்வளவு வேறுவிதமாக நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது தெளிவாகும்.

கேள்வி: கேப்டன் அமெரிக்கா தொடக்கத்திலிருந்தே அரசின் போர்ப் பிரச்சாரப் பாத்திரம்தானே? அப்படியானால் அல்டிமேட் வடிவம்தான் உண்மைக்கு நெருக்கமானது என்று கொள்ளலாமா?
– திருச்சி வாசகர்

பதில்: கொள்ள முடியாது. ஹிட்லரின் தாடையில் கேப்டன் குத்துவிடும் அட்டையோடு முதல் இதழ் கடைகளுக்கு வந்தது 1940 டிசம்பரில். அதில் அச்சிடப்பட்ட தேதிதான் 1941 மார்ச். அமெரிக்காவைப் போருக்குள் இழுத்த பேர்ள் துறைமுகத் தாக்குதலுக்கு அப்போது இன்னும் ஓராண்டு இருந்தது. போரில் தலையிடவே கூடாது என்ற குரல் அமெரிக்காவில் வலுவாக ஒலித்துக்கொண்டிருந்தது. அந்தச் சூழலில் இப்படியொரு நாயகனைப் படைத்த ஜோ சைமன், ஜாக் கிர்பி இருவரும் யூதர்கள். அவர்களுக்கு மிரட்டல் கடிதங்கள் வந்தன. நியூயார்க் மேயர் லாகார்டியாவே தொலைபேசியில் அழைத்துப் பாதுகாப்பளிப்பதாக உறுதி கூறியதைச் சைமன் பதிவு செய்திருக்கிறார். ஆக, நாட்டின் பொதுப்போக்கோடு ஒத்துப்போக மறுத்தே பிறந்தவர் இவர். அல்டிமேட் உலகத்துக் கேப்டன் மூலத்திலிருந்து மிகவும் விலகியிருப்பது அவருடைய முரட்டுத்தனத்தில் அல்ல, அரசுக்குக் கீழ்ப்படிதலில்தான் என்பது என் கருத்து. 2006-இல் வந்த 'சிவில் வார்' கதையில், சூப்பர் ஹீரோக்கள் அரசிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்துத் தலைமறைவாகப் போராடுபவர் மூல உலகத்துக் கேப்டன். அதை எழுதியவரும் அதே மார்க் மில்லர்தான் என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் ஐயத்துக்கு ஆதாரமாக நீங்கள் காட்டக்கூடியது 1953–54-இல் வந்த சில இதழ்கள். அவற்றில் கேப்டன் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடினார். விற்பனை இல்லாமல் தொடர் விரைவில் நின்றது. 1945 முதல் அவர் பனியில் கிடந்தார் என்று 1964-இல் எழுதியபோது இந்தக் கதைகள் இடித்தன. 1972-இல் ஸ்டீவ் எங்கல்ஹார்ட் அதற்கு ஒரு வழி கண்டார்: ஐம்பதுகளின் கேப்டன் வேறொருவர், ஸ்டீவின் மீது பித்துக் கொண்டு முகத்தை மாற்றிக்கொண்டவர், ஸ்டீவுக்கு வலிமை தந்த மருந்தைக் குறைபாட்டோடு ஏற்றிக்கொண்டு மனம் பிறழ்ந்தவர். அல்டிமேட் வடிவத்துக்கு முன்னோடி தேடினால் எனக்குத் தென்படுபவர் இவரே.

கேள்வி: கறுப்பினக் கேப்டனாகிய ஐசையா பிராட்லியும் மாற்று உலகத்தவர்தானா?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: இல்லை. ராபர்ட் மொராலஸ் எழுதி, கைல் பேக்கர் வரைந்து 2003-இல் வந்த 'ட்ரூத்: ரெட், ஒயிட் அண்ட் பிளாக்' என்ற ஏழு இதழ்க் கதையில் அவர் மூல உலகத்திலேயே வாழ்கிறார். அதுதான் அந்தக் கதையின் வலிமை. 1932 முதல் 1972 வரை டஸ்கீகியில், சிபிலிஸ் நோயுற்ற கறுப்பின ஆண்களுக்கு உரிய சிகிச்சை தராமல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை கண்காணித்து வந்த கொடுமை அதன் பின்னணி. ஸ்டீவைக் கேப்டனாக்கிய மருந்தை மீண்டும் கண்டறியக் கறுப்பினப் படைவீரர்களைச் சோதனைப் பொருளாக்குகிறார்கள், பலர் மடிகிறார்கள். பிழைத்த ஐசையா, கேப்டனின் சீருடையை அணிந்து எதிரி முகாமுக்குள் சென்று திரும்பியதற்குப் பரிசாகச் சிறையில் அடைக்கப்படுகிறார். இதை வேறோர் உலகத்தில் நடந்ததாக எழுதியிருந்தால் வாசகர் எளிதாகக் கடந்து போயிருப்பார். அந்தக் கதையின் இறுதியில் ஸ்டீவே ஐசையாவின் வீடு தேடிச் சென்று அவரைச் சந்திக்கிறார். அல்டிமேட்ஸைப் படித்து முடித்த கோயம்புத்தூர் வாசகரும் அடுத்து இதைத் தேடிப் படிக்கலாம்.