பதிவு செய்தால் போதாதா?

அன்புள்ள சார்,

வியட்நாமின் மலைவாழ் கிறிஸ்தவர்கள் சிறையில் இருப்பதைப் பற்றிப் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். நான் போன டிசம்பரில் குடும்பத்தோடு தா நாங், மை சன் எல்லாம் போய் வந்தேன். தேவாலயங்களில் குடில், நட்சத்திர விளக்கு, கூட்டம் எதற்கும் குறைவில்லை. சபையை அரசிடம் பதிவு செய்யச் சொன்னால் செய்துவிட்டுப் போக வேண்டியதுதானே? நம்மூரில் சங்கம் வைத்தாலும் பதிவு செய்கிறோம். அந்த மலைக்காரர்கள் அமெரிக்காவோடு சேர்ந்து போரிட்டவர்கள் என்றும் படித்தேன். இதில் மதம் எங்கே வருகிறது?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

நீங்கள் பார்த்தது நிஜம்தான். ஆனால் நான் எழுதியது தா நாங்கைப் பற்றி அல்ல, மத்திய மேட்டு நிலத்து மாகாணங்களான தாக் லாக், கியா லாய் பக்கம், காபித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு வீட்டின் கூடத்தில் இருபது முப்பது பேர் உட்கார்ந்து ஜராய், எதே என்ற மலைமக்கள் மொழிகளில் ஜெபிக்கிறார்களே, அவர்களைப் பற்றி.

நம்மூர் சங்கப் பதிவோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும். இங்கே பதிவு செய்யாத பஜனைக் குழுவுக்குச் சொத்து வாங்குவதில், வழக்குப் போடுவதில் சிக்கல் வரலாம், பாடுவதே குற்றமாகாது (வீட்டு ஜெபக்கூட்டங்களுக்கு அவ்வப்போது வரும் தொல்லை வேறு கதை). அங்கே 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் மதச் சட்டப்படி, கூடி ஜெபிப்பதற்கே முதலில் உள்ளூர் நிர்வாகத்திடம் பதிய வேண்டும். முழு அமைப்பாக அங்கீகாரம் வேண்டுமென்றால் அதன்பின் ஐந்து வருடம் ஒழுங்காக இயங்கிக் காட்ட வேண்டும். 2001-இல் அங்கீகாரம் பெற்ற தென்பகுதி சுவிசேஷத் திருச்சபை ஒன்று இருக்கிறது, அதில் போய்ச் சேருங்கள் என்பார்கள். தனியாக இருப்போம், எங்கள் போதகரை நாங்களே வைத்துக்கொள்வோம் என்றால் விசாரணைக்கு அழைப்பு வரும், அப்புறம் ஊரார் முன்னால் நிறுத்தி, இனி இந்தச் சபைக்குப் போகமாட்டேன் என்று சொல்லவைப்பார்கள்.

பதிவு செய்யாததற்காக யாரையும் சிறையில் போடவில்லை என்று அரசு சொல்லும். எழுத்தளவில் அது சரிதான். சிறைக்கு வேறு வாசல். குற்றவியல் சட்டத்தின் 116-ஆம் பிரிவு, தேச ஒற்றுமையைக் குலைப்பது. 331-ஆம் பிரிவு, ஜனநாயக உரிமைகளைத் தவறாகப் பயன்படுத்துவது. இ கிரெக் பியா என்ற எதே போதகரை 2023-இல் ஈஸ்டருக்கு முந்தைய நாள் பிடித்தார்கள், மறுவருடம் மார்ச்சில் 116-இன் கீழ் 13 ஆண்டு. 2024 ஜனவரியில் நே இ ப்லாங் என்ற இன்னொரு போதகருக்கு 331-இன் கீழ் நாலரை ஆண்டு. இரண்டு பேருமே பதிவில்லாத சுயாதீனச் சபைக்காரர்கள்.

போர் விஷயத்துக்கு வருகிறேன். ஆமாம், சேர்ந்து போரிட்டார்கள். மலைமக்களின் ஃபுல்ரோ என்ற ஆயுதக் குழு 1964-இல் தொடங்கி, கடைசிப் போராளிகள் 1992-இல் கம்போடியக் காட்டில் ஆயுதத்தை ஒப்படைத்தார்கள். அந்த நினைவு ஹனோய் அரசுக்கு இன்னும் போகவில்லை. 2001-லும் 2004 ஈஸ்டரின்போதும் ஆயிரக்கணக்கில் மலைமக்கள் தெருவில் இறங்கியதற்கு ஜெபம் மட்டும் காரணமில்லை, நிலமும் காரணம். சமவெளியிலிருந்து வந்த கின் மக்கள் (நாட்டின் பெரும்பான்மை இனம்) நிறைய பேர் குடியேற, காடும் தரிசும் காபித் தோட்டமானது. உடனடிக் காபிக்குப் போகும் ரொபஸ்டாவில் உலகின் முதலிடம் வியட்நாமுக்கு, அதில் பெரும்பகுதி இந்த மேட்டு நிலத்து விளைச்சல். நிலம் போனவனுக்கு மிச்சமிருந்த, தன் மொழியில் கூடிப் பேசுகிற ஒரே இடம் சபை. அரசு பயப்படுவதும் அதற்குத்தான். ஆக, இதில் மதம் எங்கே என்று கேட்டால், எல்லாவற்றோடும் பின்னிக் கிடக்கிறது, தனியே உருவி எடுக்க முடியாது.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. 2023 ஜூன் 11 அன்று தாக் லாக்கில் மலைமக்கள் சிலர் இரண்டு காவல் அலுவலகங்களைத் தாக்கி ஒன்பது பேரைக் கொன்றார்கள். அதை விசாரித்துத் தண்டிக்க எந்த அரசுக்கும் உரிமை உண்டு, அதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் நான் மேலே சொன்ன இரண்டு போதகர்களும் அந்தத் தாக்குதலுக்கு முன்பே கைதானவர்கள்.

பின்குறிப்பு: நீங்கள் மை சனில் பார்த்த கோயில்களைக் கட்டிய சாம் மக்களின் மொழிக்கு ஜராயும் எதேவும் நெருங்கிய உறவு. அடுத்த பயணத்தில் தாக் லாக்கின் தலைநகரான பூவோன் மா துவோட் பக்கமும் போய் வாருங்கள்.