ஏதோ குறையுது என்கிறார் முதலாளி

கேள்வி: பட்டர்வொர்த்தில் ஓர் அச்சகத்தில் மூன்று வருடமாக டிசைன் வேலை பார்க்கிறேன். கல்யாணக் கார்டு, திருவிழா பேனர், கடைப் பலகை எல்லாம் நான்தான் செய்கிறேன். ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் இரண்டும் நன்றாகத் தெரியும். ஆனால் எதைச் செய்தாலும் ஒரே சாயலில் வந்து நிற்கிறது. "ஏதோ குறையுது" என்கிறார் முதலாளி. என்ன குறை என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. கட்டணம் கட்டி ஒரு வகுப்பில் சேரலாமா? அல்லது இது பிறவியிலேயே வரவேண்டிய திறமையா? நான் செய்த கல்யாணக் கார்டு ஒன்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.
(பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கும் வாசகி)

பதில்: கார்டைப் பார்த்தேன், தங்கச்சி. வேலை சுத்தம். ஓரங்கள் சரியாக இருக்கின்றன, எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. நம் ஊர்க் கார்டுகளில் அதுவே பெரிய விஷயம். பிறவித் திறமை பற்றிய கவலையை விடுங்கள், இவ்வளவு செய்யத் தெரிந்தவருக்கு அது தேவையில்லாத கவலை. வகுப்பையும் ஓர் ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். கருவி உங்கள் கையில் இருக்கிறது. கண்ணுக்குத்தான் இன்னும் வேலை கொடுக்கவில்லை.

விடுமுறை நாளில் ஃபெரி ஏறி, பினாங்குத் தீவில் இருக்கும் ஜார்ஜ்டவுனுக்கு வாருங்கள். 2008ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர் என்பதால் பழைய கடைவீடுகளும் பலகைகளும் இன்னும் நிறையவே மிஞ்சியிருக்கின்றன. முதலில் லெபோ குவீன் தெருவுக்குப் போங்கள். 1833ல் கட்டிய மகா மாரியம்மன் கோவிலைக் கும்பிட்டுவிட்டு, அந்த வட்டாரத்தில் ஒரு பூக்கடை முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். மாலை கட்டுகிற கையைக் கவனியுங்கள். சாண் கணக்கில் வெறும் வெள்ளை மல்லியாகவே போகும். பிறகு ஓரிடத்தில் ஒரே ஒரு சிவப்பு ரோஜா, அதற்கு அடியில் ஒரு பச்சை இலை. அந்த ரோஜா ஏன் அங்கே வந்தது? இலை இல்லாமல் சிவப்பை வெள்ளை மேலேயே வைத்தால் என்ன ஆகும்? கட்டுகிறவரிடமே கேளுங்கள். "கழுத்துல போட்டா அது நெஞ்சுக்கு நேரா வரணும்ல" என்பது போல ஏதாவது ஒரு காரணம் நிச்சயம் சொல்வார். பார்ப்பவரின் கண்ணை எங்கே நிறுத்த வேண்டும் என்று அவர் முதலிலேயே முடிவு செய்துவிடுகிறார். உங்கள் கார்டில் அந்த முடிவு இல்லை. அரக்குப் பின்னணி, தங்க எழுத்து, பச்சை மயில், ஊதாப் பூங்கொத்து, எல்லாமே ஒரே நேரத்தில் என்னைப் பார் என்கின்றன.

அடுத்து அஞ்சடியில், அதாவது கடைவீடுகளின் முன்னால் ஓடும் கூரை போட்ட நடைபாதையில் நடங்கள். தூண்களில் சீன எழுத்து மேலிருந்து கீழே இறங்கும். ஒடுங்கிய தூணில் கடைப் பெயர் முழுதாக உட்கார்ந்துவிடும். தமிழை அப்படி எளிதில் இறக்க முடியாது. 'கொ' என்ற ஓர் எழுத்துக்கே இரு பக்கமும் இடம் வேண்டும். அதனால் தமிழ் பெரும்பாலும் தூணை விட்டுவிட்டு மேற்பலகைக்குப் போய்விடுகிறது. அங்கே மலாய்தான் முதன்மையாகத் தெரிய வேண்டும் என்பது ஊராட்சி மன்றங்களின் விதி. மிச்ச இடத்தில்தான் நம் எழுத்து. மலாய்ப் பெயரை ரோமன் பெரிய எழுத்தில் போட்டால் மேலும் கீழும் நேர்கோடு. தமிழிலோ 'கி'யின் கொக்கி மேலே ஏறும், 'து'வின் கால் கீழே இறங்கும். இரண்டுக்கும் ஒரே பாயின்ட் அளவு கொடுத்தால் தமிழ் பெரும்பாலும் சுருங்கித்தான் தெரியும். தூரிகையால் பலகை எழுதிய பழைய கைகள் இதைக் கண்ணாலேயே சரிக்கட்டியிருக்கும். ஒரு பலகையின் எதிரே நின்று, எந்த எழுத்தை எவ்வளவு அகலப்படுத்தியிருக்கிறார்கள் என்று பென்சிலால் நோட்டில் வரைந்து பாருங்கள். கைப்பேசியில் படம் பிடித்தால் பார்த்துவிட்ட திருப்தி மட்டும்தான் மிஞ்சும். வரைந்தால்தான் இடைவெளி தெரியும். 1978ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முந்திய பாணியில், துதிக்கை தூக்கிய பழைய 'லை', 'ணை' எங்காவது கண்ணில் பட்டால் அதையும் விடாதீர்கள்.

தப்பான பலகைகளையும் பாருங்கள். 'கெ'யில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும் அறிவிப்புகளைப் பார்த்திருப்பீர்கள். கணினிகள் எழுத்தைச் சேமிக்கிற பொதுக் குறியீடான யூனிகோடில் முதலில் 'க', பிறகுதான் கொம்பு என்று பதிவாகிறது. தமிழ் அமைப்புத் தெரியாத மென்பொருள் அதை முன்னால் கொண்டுவராமல் வந்த வரிசையிலேயே கொட்டிவிடுகிறது. பழைய ஃபோட்டோஷாப் வைத்திருக்கிற அச்சகங்களில் இது அடிக்கடி நடக்கும், உங்கள் கணினியையும் ஒருமுறை சோதியுங்கள். எழுத்துரு என்று வரும்போது, நம் மலேசியாக்காரர் முத்து நெடுமாறன் வடிவமைத்து ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்ற இணைமதியை, விண்டோஸின் லதா பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளியின் அளவு, 'ழ'வின் வளைவு, உள்ளே விட்டிருக்கும் வெளி. ஒரு மாலை முழுக்கச் செலவழிக்கலாம், வீண் போகாது.

பேனருக்குத் தைப்பூசம்தான் நல்ல பள்ளிக்கூடம். தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போகும் வழியில் கூட்டத்தோடு நகர்ந்துகொண்டே பந்தல் பேனர்களைப் படித்துப் பாருங்கள். நன்கொடையாளர் பத்து பேரின் முகம் இருக்கும், தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பது இருக்காது. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். வெயிலில் வெறுங்காலோடு வருகிறவருக்கு அந்த ஒரு வார்த்தைதான் வேண்டும்.

பார்த்ததை அன்றைக்கே கணினியில் செய்து பாருங்கள், மறுநாளைக்கு வைத்தால் கை விட்டுவிடும். தொடக்கமாக இந்தக் கார்டையே எடுங்கள். மயிலும் பூங்கொத்தும் போகட்டும். அரக்கை மணமக்கள் பெயருக்கு மட்டும் கொடுங்கள், மற்றதெல்லாம் கறுப்பு, வெள்ளைத் தாளில். தாய்மாமன், சித்தப்பா பெயர்களில் ஒன்றைக்கூட வீட்டார் குறைக்க விடமாட்டார்கள், குறைக்கவும் வேண்டாம். உள்பக்கத்தில் ஒரே அளவில், வரிக்கு வரி தாராளமாக இடம் விட்டுப் போடுங்கள். தேதியும் மண்டபமும் கையை நீட்டிப் பிடித்தாலும் மூக்குக்கண்ணாடி இல்லாத பாட்டிக்குத் தெரிய வேண்டும். அச்சடித்து, பழைய கார்டின் பக்கத்தில் வைத்து முதலாளியிடம் ஒன்றும் சொல்லாமல் காட்டுங்கள். அவர் எதை முதலில் கையில் எடுத்தார் என்று எனக்கு எழுதுங்கள்.