மருந்து அடித்தும் ஈக்கடி நிற்கவில்லையா?

கேள்வி: மூன்று கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். மழை பிடித்ததிலிருந்து ஈக்கடி தாங்கவில்லை. மாடுகள் காலை உதறிக்கொண்டே நிற்கின்றன, பாலும் குறைந்துவிட்டது. டெல்டாமெத்ரின் அடித்தால் நாலு நாள் தேவலை, அப்புறம் பழையபடிதான். வேறு நல்ல மருந்து இருக்கிறதா ஐயா?

பதில்: மருந்தை மாற்றிப் பிரயோசனமில்லை. ஈ உங்கள் கொட்டகையிலேயே பெருகுகிறது. காலை உதறுகின்றன என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே அடையாளம். காலைக் குறிவைத்துக் கடிப்பது தொழுவ ஈ. பார்க்க வீட்டு ஈ மாதிரியே இருக்கும். சுவரில் உட்கார்ந்திருக்கும்போது கிட்டப் போய்ப் பாருங்கள், தலைக்கு முன்னால் ஊசி போல ஒரு குழல் நீட்டிக்கொண்டிருக்கும். ஆண், பெண் இரண்டுமே ரத்தம் குடிக்கும். வயிறு நிறைந்ததும் சுவருக்கோ வேலிக்கோ போய்விடும். மாட்டின் மேல் இருப்பதே கொஞ்ச நேரம்தான், அதனால் உடம்பில் அடிக்கிற மருந்து மட்டும் போதாது.

சாணியும் மூத்திரமும் கூளமும் கலந்து ஊறிக் கிடக்கிற இடம்தான் அது முட்டையிட வசதி. தீவனத் தொட்டியின் அடியிலும் கட்டுத்தறி ஓரத்திலும் ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள். வெள்ளைப் புழு நெளிந்தால் அங்கேதான் கை வைக்க வேண்டும். முட்டை ஈயாக மாற இரண்டு மூன்று வாரம் ஆகும். வாரம் இரண்டு முறை அந்த ஈரக் கூளத்தை வழித்து அள்ளினால், ஈயாக மாறும் முன்பே புழுவோடு போய்விடும். அள்ளியதை எருக்குழியில் கொட்டித் தார்ப்பாயால் இறுக்க மூடுங்கள், உள்ளே ஏறும் சூட்டில் புழு சாகும். வெயில் அடிக்கிற நாளில் மெல்லிசாகப் பரப்பிக் காயவிட்டாலும் சரி. மூத்திரம் தேங்காமல் ஓட வாட்டம் எடுத்துவிடுங்கள். நாட்டுக்கோழி இருந்தால் மேயவிடுங்கள், புழுவைக் கிளறித் தின்னும்.

மருந்தை விட்டுவிடச் சொல்லவில்லை. குப்பியில் போட்டிருக்கிற அளவை மீறாமல், கறந்து முடித்த பிறகு, மடியில் படாமல் கால்களிலும் அடிவயிற்றிலும் அடியுங்கள். மிச்சத்தைக் குளம், வாய்க்காலில் ஊற்றாதீர்கள், மீன் செத்துப்போகும். கறக்கும் நேரத்துக்கு நொச்சி, வேப்பிலை மூட்டம் நல்லது. அது அந்த நேரத்துக்கு விரட்டும், அவ்வளவுதான்.

தோல் கழலை நோயின் கிருமியையும் இந்த ஈ மாட்டுக்கு மாடு சுமந்துபோகும். காய்ச்சலோடு தோலில் கட்டி கட்டியாகத் தெரிந்தால், அந்த மாட்டைத் தனியாகக் கட்டிவிட்டு உடனே கால்நடை மருத்துவ உதவி எண் 1962-க்குப் போன் போடுங்கள்.