செட்டிநாட்டு விடுதிகளும் உலக நெருக்கடிகளும்: கேள்வி – பதில்

கானாடுகாத்தான் வாசகர்: பூர்வீக வீட்டில் எட்டு அறைகளை விடுதியாக நடத்துகிறோம். வருபவர்களில் பாதிக்கு மேல் பிரெஞ்சுக்காரர்கள். எங்கோ போர் மூண்டால் இங்கே அறை ரத்தாவது ஏன்?

பதில்: பெரும்பாலோர் செட்டிநாட்டுக்கென்றே விமானம் ஏறுவதில்லை. சென்னை, மாமல்லபுரம், புதுச்சேரி, தஞ்சாவூர், செட்டிநாடு, மதுரை, கொச்சி என்று சுற்றி வருகிறார்கள். அதில் பலர் வளைகுடா வழியாக வருபவர்கள். 2025 ஜூன் 23 அன்று கத்தார் சில மணி நேரம் வான்வெளியை மூடியதற்கே தோஹா விமானங்கள் தடுமாறிப் போயின. விமானம் சுற்றிப் போனால் எரிபொருள் கூடும், டிக்கெட் ஏறும், பயணி நாட்களைக் குறைப்பார். அப்போதும் தஞ்சைப் பெரிய கோயிலையும் மீனாட்சியம்மனையும் விடமாட்டார். நடுவில் இருக்கும் நம் ஊரில்தான் கை வைப்பார். இரண்டு இரவுத் தங்கல் வெறும் ஒரு மதியச் சாப்பாடாகச் சுருங்கிவிடும்.

ஆகவே ரத்துக் கடிதம் வரும் முன்பே ஏஜென்டுக்கு ஓர் இரவுத் திட்டம் அனுப்புங்கள். தஞ்சையிலிருந்து காலையில் கிளம்பினால் மதியம் இலைச் சாப்பாடு. மூன்று மணிக்கு ஆத்தங்குடியில் கண்ணாடிமேல் அச்சு வைத்துச் சாயம் ஊற்றித் தரைக்கல் வார்ப்பதைப் பார்க்கலாம். மறுநாள் வீட்டின் உள்முற்றப் பகுதிகளான வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் சுற்றிக் காட்டிப் பலகாரத்தோடு மதுரைக்கு அனுப்பலாம்.

ஒரே நாட்டை நம்பியிருக்கவும் வேண்டாம். 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபோது, அங்கேயே முதல் போட்டிருந்த நகரத்தார் குடும்பங்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். இரண்டு அறைகளையாவது சென்னை, பெங்களூரு குடும்பங்களுக்கென ஒதுக்குங்கள்.

தேவகோட்டை வாசகர்: ரூபாய் சரிந்தால் நமக்கு லாபம்தானே?

பதில்: ஒப்பந்தம் ரூபாயில் இருந்தால் இல்லை. 9,000 ரூபாய் அறை, யூரோ 90 ரூபாயாக இருக்கும்போது 100 யூரோ. 100 ரூபாயானால் 90 யூரோ. ஏஜென்ட் பயணியிடம் பழைய விலையையே வாங்கினால் அந்தப் பத்து யூரோ அவருக்குத்தான். யூரோ ஐந்து சதவீதத்துக்கு மேல் நகர்ந்தால் விலையை மறுபடி பேசலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

மந்தமான மாதங்களில் ஜிஎஸ்டியையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். 9,000 ரூபாய் அறைக்கு விருந்தாளி 10,620 கட்டுகிறார். 7,500 என்றால் 7,875தான். நீங்கள் 1,500 விட்டுக்கொடுத்தால் அவருக்கு 2,745 மிச்சம். ஆனால் 5 சதவீதத்தில் உள்ளீட்டு வரிக் கழிவு (நீங்கள் வாங்கும் பொருள்களுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) கிடைக்காது, அதையும் சேர்த்தே முடிவெடுங்கள்.

காரைக்குடி வாசகர்: மொத்தமாக ரத்தானால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா?

பதில்: எழுதிக் கையெழுத்திட்டதுதான் பேசும். 2020 மார்ச்சில் நின்ற சுற்றுலா விசா, வழக்கமான விமானங்களில் வருவோருக்கு 2021 நவம்பரில்தான் திரும்பக் கிடைத்தது. இடையில் ஒரு குளிர்கால சீசன் முழுவதும் போயிற்று. அரசு விசாவையோ விமானத்தையோ நிறுத்தினால் முன்பணம் அடுத்த தங்கலுக்கான வரவாக 18 மாதத்துக்கு நிற்கும், ரொக்கமாகத் திரும்பாது என்று ஒப்பந்தத்தில் இப்போதே சேர்த்துவிடுங்கள். காப்பீட்டை நம்பாதீர்கள்: வருமான இழப்புப் பாலிசிகள் பொதுவாகக் கட்டடத்துக்குச் சேதம் வந்தால்தான் பணம் தரும். முன்பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வைத்து, விருந்தாளி தங்கிப் போன பிறகே ஓடு மாற்றவோ சுண்ணாம்புப் பூச்சுக்கோ எடுங்கள்.