அந்த இருபது நிமிடம் எங்கே போகிறது?

கேள்வி: பட்டர்வொர்த் வட்டாரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். 28 பிள்ளைகள், வேலை செய்யும் குரோம்புக் மடிக்கணினி 14. ஒரு மணி நேரப் பாடத்தில் எல்லாரும் கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமாவுக்குள் நுழையவே இருபது நிமிடம் ஓடிவிடுகிறது. அதற்குப் பிறகு காணொளி போட்டால் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. தாளில் அழகாகக் கட்டுரை எழுதும் பிள்ளை, விசைப்பலகை முன்னால் இரண்டு வரியைத் தாண்டுவதில்லை. கூகுள் ஃபார்மில் வைத்த புதிரில் சரியான விடைக்கும் தவறு போட்டிருந்தது. எனக்கு 51 வயது. குறை என்னிடமா?
– ஓர் ஆசிரியை

பதில்: வயதை விடுங்கள், டீச்சர். நீங்கள் எழுதிய நான்கு சிக்கலிலும் வயதுக்கு வேலையே இல்லை.

முதலில் அந்த இருபது நிமிடம். ஒரே ஒரு பாடத்துக்குக் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துவையுங்கள்: கருவியை எடுத்துக் கொடுக்க எவ்வளவு, திறக்க எவ்வளவு, ஐடி தட்ட எவ்வளவு. பெரும்பாலும் பாதிக்கு மேல் ஐடியில்தான் போயிருக்கும். ‘எம்’, அதை ஒட்டி ஒரு சிறுகோடு, பிறகு நீண்ட எண், அந்த ‘அட்’ குறி, கடைசியில் கல்வி அமைச்சின் முகவரி. பத்து வயதுப் பிள்ளை சிறுகோட்டை விட்டுவிடும், சுழியத்துக்கு ‘ஓ’ தட்டும், ‘அட்’ குறியைத் தேடியே ஒரு நிமிடம் போக்கும்.

குரோம்புக்கில் 1 முதல் 14 வரை எண் ஒட்டுங்கள். ஒரு கருவிக்கு இரண்டு பிள்ளைகள், ஆண்டு முழுக்க அதே இருவர், அதே கருவி. பள்ளி அமைப்பில் தடுத்துவைக்காவிட்டால், முன்பு நுழைந்தவரின் பெயர் முகப்புத் திரையிலேயே நிற்கும். அடுத்த முறை கடவுச்சொல் மட்டும் போதும். இன்று ஒருவர் நுழையட்டும், அடுத்த பாடத்தில் மற்றவர். 28 நுழைவு 14 ஆகிவிடும். ஐடியை 24 அளவில் அச்சிட்டு அட்டையில் ஒட்டிக் கொடுங்கள். ஒன்றும் ‘எல்’லும் வேறுவேறாகத் தெரியும் எழுத்துருவாக இருக்கட்டும். கடவுச்சொல்லை அந்த அட்டையில் எழுத வேண்டாம். மறந்துவிட்ட பிள்ளைகளின் பட்டியலைப் பாடத்துக்கு முந்தைய நாளே டெலிமா பொறுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள், பாடம் நடக்கும்போது அவரைத் தேடி ஓடாதீர்கள். ஓர் அரைமணிப் பாடவேளையை நுழைவதற்கும் வெளியேறுவதற்குமே ஒதுக்கி, மூன்று முறை செய்ய வையுங்கள். பாடம் வீணாகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும். பரவாயில்லை, இரண்டே வாரத்தில் அந்த நேரம் திரும்பிவிடும்.

காணொளிக்குக் கணக்கு எளிது. 720 தரத்தில் ஒரு யூடியூப் காணொளிக்கு நொடிக்கு ஏறக்குறைய 2.5 மெகாபிட் வேண்டும். பதினான்கு கருவியும் சேர்ந்து ஓட்டினால் 35. பக்கத்து வகுப்பும் அதே வைஃபையில் இருந்தால் வட்டம் சுற்றாமல் என்ன செய்யும்? எல்லாரும் பார்க்க வேண்டியதை எல்சிடி ஒளிபடக்காட்டியில் ஒரு முறை போடுங்கள். கருவியில்தான் பார்க்க வேண்டுமென்றால் தரத்தை 360க்கு இறக்குங்கள், மொத்தமே 10 மெகாபிட்டில் அடங்கும். பள்ளி விடுமுறை முடிந்த முதல் நாளில் மட்டும் இணையப் பாடம் வைக்காதீர்கள். அன்றைக்கு எல்லாக் கருவியும் ஒரே நேரத்தில் புதுப்பிப்பை இறக்க ஆரம்பித்துவிடும். முந்தைய நாளே மின்னேற்றிச் சிலவற்றை மாற்றி மாற்றித் திறந்துவைத்தால் நல்லது.

தட்டச்சுதான் தமிழ்ப்பள்ளிக்கே உரிய தடை. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது எங்கள் ஆதங்கம். நம் மலேசியாவில் உருவான தமிழ்த் தட்டச்சு மென்பொருள் முரசு அஞ்சலின் ஒலிபெயர்ப்பு விசைமுறை பெரியவர்களுக்கு வசதி. பிள்ளைக்கோ, தமிழ்ச் சொல்லை மனதுக்குள் ஆங்கில எழுத்தாக்கி, ‘ழ’வுக்கு ஒன்று, ‘ள’வுக்கு வேறொன்று என்று தேட வேண்டியிருக்கிறது. அதனால் தமிழ் எழுத்தையே நேராகத் தட்டும் தமிழ்99 விசைமுறையைப் பரிந்துரைக்கிறோம். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய் வலக்கைப் பக்கம். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. குரோம்புக் அமைப்பில் உள்ளீட்டு முறைகளைத் திறந்தால் தமிழ்99 இருக்கும், சேர்த்துக்கொள்ளலாம். வாரத்துக்குப் பத்து நிமிடம், ஐந்து சொல். அது கைவரும்வரை கட்டுரையைத் தட்டச் சொல்லாதீர்கள். நோட்டில் எழுதட்டும், படமெடுத்து கூகுள் கிளாஸ்ரூமில் ஏற்றட்டும். நீங்கள் மதிப்பிடப்போவது பிள்ளையின் தமிழை, விரல் வேகத்தை அல்ல.

புதிரில் விழுந்த தவறுக்கு வருவோம். விடையில் ‘ஔவையார்’ மாதிரி ஏதாவது இருந்ததா? கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீடான யூனிகோடில் ‘ஔ’ ஒரே எழுத்து. பிள்ளை ‘ஒ’ தட்டி, பக்கத்தில் ‘ள’ தட்டினால் திரையில் கிட்டத்தட்ட அதே உருவம்தான் தெரியும். கணினிக்கு அது வேறு சொல். குறுவிடையை ஃபார்ம் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது, கண்ணால் பார்ப்பதில்லை. நடுவில் ஓர் இடைவெளி கூடினாலும் சிக்கல்தான். விடைப்பகுதியில் இரண்டு வடிவத்தையும் சரியான விடையாகச் சேருங்கள். ‘மற்ற எல்லா விடையும் தவறு’ என்ற கட்டத்தைத் தொடாமல், மிச்சத்தை நீங்களே ஒரு பார்வை பார்த்துத் திருத்துங்கள். இல்லையென்றால் பல்தேர்வாக மாற்றிவிடுங்கள், தொல்லை விட்டது.

வீட்டுப்பாடம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு சொல். அப்பாவின் கைப்பேசி இரவு எட்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வரும் பிள்ளைகள் இருப்பார்கள். அன்றிரவே அனுப்பு என்று கேட்காமல் மூன்று நாள் கொடுங்கள். வாசிப்புப் பயிற்சிக்குக் காணொளி வேண்டாம், புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு நிமிடக் குரல்பதிவு போதும். அது ஓர் எம்பியைக்கூடத் தொடாது.

நீங்கள் தயாரித்த பயிற்சிகளின் மூலப் பிரதி ஒன்றை உங்கள் விரலியில் (பென்டிரைவ்) வைத்திருங்கள். தளங்கள் மாறிக்கொண்டே இருக்கும்: பள்ளிகளின் முந்தைய கற்றல் தளமான ஃப்ராக் 2019இல் போனது, 2020இல் டெலிமா வந்தது. பழைய எழுத்துருவில் தட்டிய வினாத்தாள்கள் இன்னும் கையில் இருந்தால், இந்த விடுமுறையிலேயே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றியதும் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாகப் பார்க்க வேண்டும். ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ வரும் சொற்களில்தான் பெரும்பாலும் பிசகும்.