வெளிநாட்டில் வயிற்றுத் தொங்கலுக்கு ஆபரேஷன் செய்து ஊர் திரும்பிய பின் தையலில் நீர் வடிகிறது. என்ன செய்வது?

பாங்காக்கில் செய்து ஒரு மாதம் ஆகிறது, தையலோரம் முடிச்சு முடிச்சாகச் சிவந்து வடிகிறது, வீட்டில் யாருக்கும் தெரியாது என்கிறீர்கள். கீழக்கரையில் என் லாத்தாவுக்கும் (அக்காவுக்கும்) இப்படித்தான் ஆனது. அவர் செய்துகொண்டது கோலாலம்பூரில்.

ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் ‘ஹெர்னியா ஆபரேஷன்’ என்று சொல்லிவைத்திருந்தார். ஊருக்கு அது போதும், கல்யாண வீட்டில் அடுத்த கேள்வி வராது. டாக்டரிடமும் அதையே சொன்னதுதான் வினை. அவர் ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றி எழுத, வடிவது நிற்கவேயில்லை. மதுரையில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் உள்ளதை உள்ளபடி சொன்ன பிறகுதான் சரியான டெஸ்ட் எடுத்தார்கள்.

காசநோய்க் கிருமிக்குப் பங்காளி முறையில் ஒரு கூட்டம் இருக்கிறது. மைக்கோபாக்டீரியம் அப்ஸெஸஸ் அதில் ஒன்று. சரியாகச் சுத்தம் செய்யாத கருவி, தண்ணீர் வழியாகத் தையலுக்குள் போய், சில வாரம் கழித்துத் தலைகாட்டும். சாதாரண ஆன்டிபயாடிக்குக்கு அசையாது. வழக்கமான சீழ் டெஸ்டிலும் தப்பிவிடும். அதனால் ‘வெளிநாட்டில் அழகு ஆபரேஷன், ஏ.எஃப்.பி. கல்ச்சரும் வேண்டும்’ என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். காசநோய்க் கூட்டத்துக் கிருமி இருக்கிறதா என்று சீழை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட் அது. ரிசல்ட் வருமுன் டி.பி. மாத்திரை ஆரம்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். வழக்கமான டி.பி. மருந்து அப்ஸெஸஸை ஒன்றும் செய்யாது. உறுதியானால் இரண்டு மூன்று மருந்து சேர்த்து மாதக்கணக்கில் போகும், சிலருக்குக் கெட்ட சதையை வெட்டியும் எடுப்பார்கள்.

கடல் தண்ணி புண்ணை ஆற்றும் என்று நம் பக்கத்தில் பெரியவர்கள் சொல்வார்கள். திறந்த தையலோடு இறங்கவே இறங்காதீர்கள். வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ என்ற கிருமி உண்டு, சர்க்கரை நோய், ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கு உயிருக்கே ஆபத்து.

குளிர்காய்ச்சல், மளமளவெனப் பரவும் சிவப்பு, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சிரைப்பு, இதில் எது வந்தாலும் கல்ச்சர் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிட்டு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். கடைசி இரண்டும் ரத்தக்கட்டாக இருக்கலாம். ஆபரேஷன் முடிந்த கையோடு நெடுநேரம் விமானத்தில் உட்கார்ந்து வந்தவர்களுக்கு அந்த ஆபத்து கூடும்.

அங்குள்ள கிளினிக் ‘திரும்பி வாங்க, இலவசமாகச் சரிசெய்கிறோம்’ என்று வாட்ஸ்அப்பில் கூப்பிடும். கிருமி அடங்காமல் அழகைச் சரிசெய்ய மறுபடி கத்தி வைக்கக் கூடாது. இப்போதைக்கு ஆபரேஷன் குறிப்பு, கொடுத்த மருந்து, உள்ளே மெஷ் (தாங்கலுக்கு வைக்கும் வலை) வைத்தார்களா என்ற விவரம், இவற்றை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். லாத்தா கேட்டபோது உடனே அனுப்பிவிட்டார்கள்.