காக்கா எப்படித் தாத்தா ஆனது? குட்டிப் பிள்ளைகள் பற்றிய கேள்வி பதில்

அங்கன்வாடியில் 22 வருடம் பிள்ளைகளோடு இருந்தேன். இப்போது வீட்டில் இரண்டே கால் வயதுப் பேத்தி. ஒன்றிலிருந்து மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையவே கேட்டுவிட்டீர்கள்.

எதைக் கேட்டாலும் "வேணாம்" என்கிறான். தோசைக்கு வாயைத் திறந்துகொண்டே "வேணாம்" என்கிறான். சிரிப்பதா, கண்டிப்பதா டீச்சர்? (ஈரோட்டிலிருந்து ஒரு அப்பா, மகனுக்கு ஒன்றே முக்கால் வயது)

அவன் பார்க்காமல் சிரித்துக்கொள்ளுங்கள் தம்பி. அம்மா வேறு, தான் வேறு என்பது அவனுக்கு இப்போதுதான் பிடிபட்டிருக்கிறது. வேண்டுமானால் ஒன்று செய்து பாருங்கள். அவனுக்குத் தெரியாமல் மூக்கு நுனியில் கொஞ்சம் சாந்துப் பொட்டைத் தடவிக் கண்ணாடி முன்னால் நிறுத்துங்கள். ஒரு வயதுப் பிள்ளை கண்ணாடியைத் தொடும். ஒன்றரை, இரண்டு வயதில் பிள்ளைகள் தன் மூக்கையே தொடுவார்கள். "நான்" என்று ஒருவன் உள்ளே வந்துவிட்டான், அவன் பேசுகிற முதல் பேச்சுதான் இந்த "வேணாம்".

"தோசை வேணுமா?" என்று கேட்காதீர்கள். "சின்னதாப் பிய்க்கவா, பெருசாப் பிய்க்கவா?" என்று கேளுங்கள். மருந்து கொடுக்கும்போதும் ரோட்டைக் கடக்கும்போதும் கேள்வியே வேண்டாம். சொல்லிவிட்டுச் செய்துவிடுங்கள்.

போன வருடம் மாமனார் தவறிவிட்டார். அமாவாசைக்கு மாமியார் மாடியில் காக்காவுக்குச் சோறு வைத்தார். என் இரண்டு வயது மகள் காக்காவைப் பார்த்து "தாத்தா, வா!" என்று கூப்பிட்டாள். அத்தை அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். இவளுக்கு யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. எப்படிச் சொன்னாள்? (கும்பகோணம்)

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன் அம்மா.

காரணம் நாக்கில் இருக்கிறது. "க" சொல்ல நாக்கின் பின்பக்கம் மேலே எழ வேண்டும். "த" சொல்ல நுனி பல்லைத் தொட்டால் போதும். அதனால் நிறையப் பிள்ளைகள் "க" வருகிற இடத்தில் "த" போடுவார்கள். காக்கா தாத்தா ஆகும், கத்திரிக்காய் தத்திரித்தாய் ஆகும். மூன்று, மூன்றரை வயதுக்குள் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். ர, ற, ழ எல்லாம் இன்னும் மெதுவாக வரும்.

ஆனால் காதுக்கு வித்தியாசம் தெரியும். "காக்கா எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள், வெளியே கை காட்டுவாள். "தாத்தா எங்கே?" என்றால் சுவரில் இருக்கிற படத்தைப் பார்ப்பாள். என் பேத்தி கோழியைத் "தோயி" என்பாள். ஒருநாள் நானும் ஆசையாக "தோயி வந்துச்சா?" என்று கேட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "தோயி இல்ல பாத்தி, தோயி!" என்று என்னைத் திருத்தினாள். அவள் காதில் அவள் சொன்னது கோழிதான். நான்தான் தப்பாகச் சொன்னேன். அதனால் "எங்கே, கா-க்-கா சொல்லு" என்று நிறுத்திவைத்துச் சொல்லவைக்காதீர்கள். "ஆமா, காக்கா வந்துருச்சு" என்று நீங்கள் சரியாகச் சொன்னால் போதும், கேட்டுக்கொண்டே இருப்பாள்.

உங்கள் அத்தையிடம் இந்த நாக்கு விஷயத்தை எல்லாம் சொல்ல வேண்டாம். அடுத்த அமாவாசைக்கும் மகளை மாடிக்குக் கூட்டிப் போங்கள். முடிந்தால் அந்தக் குரலைப் போனில் பதிந்து வையுங்கள். அடுத்த வருடம் அவள் காக்காவைக் காக்கா என்றே கூப்பிடுவாள்.

"என்னைத் தூக்கு" என்பதற்கு "உன்னைத் தூக்கு" என்கிறாள். குழப்பமா? (இரண்டு வயது)

நீங்கள் அவளிடம் "உன்னைத் தூக்கவா?" என்றுதானே கேட்கிறீர்கள்? அதையே திருப்பிச் சொல்கிறாள். மூன்று வயதுக்குள் தெளிந்துவிடும். தூக்கிக்கொள்ளுங்கள்.

வேலைக்குக் கிளம்பும்போது என் செருப்பில் ஒன்றை எடுத்து ஒளித்துவைக்கிறான். நேற்று அரிசி டிரம்முக்குள் கிடந்தது. அழுவான் என்று இப்போதெல்லாம் பின்வாசல் வழியாகப் போய்விடுகிறேன். (திருப்பூர், ஷிப்ட் வேலை பார்க்கும் அப்பா)

ஒரு செருப்போடு அப்பா போக முடியாது என்று அவன் கணக்குப் போட்டிருக்கிறான். ஒன்றரை வயதில் இது பெரிய கணக்கு தம்பி.

ஆனால் பின்வாசல் வேண்டாம். சொல்லாமல் போனால், அப்பா எந்த நிமிடமும் காணாமல் போகலாம் என்று அவனுக்குத் தோன்றும். அப்புறம் நீங்கள் குளிக்கப் போனாலும் கதவைத் தட்டி அழுவான். நாம் "போறேன்" என்று சொல்வதில்லை, "போயிட்டு வரேன்" என்கிறோம். அதை அவன் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் அழட்டும். திரும்பி வந்ததும் "போயிட்டு வந்துட்டேன்" என்று அதையும் சொல்லுங்கள். செருப்பைத் தேடி எடுத்துத் தருகிற வேலையையும் அவனிடமே கொடுங்கள்.

கரண்டியும் தட்டுமாக நாள் முழுக்கச் சத்தம். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

பிள்ளைத்தமிழில் சிறுபறை என்று ஒரு பருவமே உண்டு, சின்னப் பறையைக் கொட்டி விளையாடுகிற பருவம். 13ஆம் மாதம் வருகை, 15இல் அம்புலி, 17இல் சிற்றில் (சின்ன மணல் வீடு), 19இல் சிறுபறை என்று கணக்கும் சொல்வார்கள். தளிர்நடை போட்டு வருவதையும் நிலாவைக் காட்டுவதையும் கொட்டுவதையும் இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்துப் பாடி வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம். சரி, பக்கத்து வீட்டுக்காக எவர்சில்வரை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் டப்பாவும் மரக்கரண்டியும் கொடுங்கள். மதியத் தூக்க நேரத்தில் அதையும் எடுத்து வைத்துவிடுங்கள்.

விருந்தாளிகள் முன்னால் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டாள்.

யாரும் சிரிக்கக் கூடாது, அவ்வளவுதான். சிரித்தால் நாளைக்கும் வரும்.

மூக்கில் புளியங்கொட்டையைப் போட்டுக்கொண்டான்.

இது மட்டும் விளையாட்டு இல்லை. ஊக்கு, ஹேர்பின் வைத்து நோண்டாதீர்கள், உள்ளே போய்விடும். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பட்டன் பேட்டரி மூக்கில் போனாலும் வயிற்றில் போனாலும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க வேண்டாம், அது உள்ளே சதையை அரித்துவிடும். வேர்க்கடலையும் முழு திராட்சையும் இந்த வயதில் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கடலையைப் பொடித்தும் திராட்சையை நீளவாக்கில் நறுக்கியும் கொடுங்கள்.

இரண்டு வயது முடிந்தது. அம்மா, அத்தை, தண்ணி, இன்னும் நான்கைந்து வார்த்தைகள்தான். ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும் என்கிறார்கள். (நாகர்கோவில்)

காத்திருக்காதீர்கள் அம்மா. இரண்டு வயதில் சுமார் 50 வார்த்தைகள் இருக்க வேண்டும், "அப்பா வா", "பால் தா" மாதிரி இரண்டைச் சேர்த்துச் சொல்லத் தொடங்கியிருக்க வேண்டும். மழலை திருந்தாமல் இருப்பது வேறு, வார்த்தையே குறைவாக இருப்பது வேறு. முதலில் காதைப் பரிசோதியுங்கள், மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே கேட்கலாம். பரிசோதித்து ஒன்றுமில்லை என்று தெரிந்தால் நல்லதுதான்.

வாயில் மென்றுகொண்டிருப்பதை எடுத்து என் வாயில் ஊட்டுகிறாள். வாங்கிக்கொள்ளலாமா? (சேலம்)

உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு முட்டைக் கதை இருக்கிறது. என் மையத்தில் இரண்டரை வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவன் அம்மா சித்தாள் வேலைக்குப் போவார். முட்டை போட்ட ஒருநாள், பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் கைக்குள் வைத்துக்கொண்டான். கையைக் கழுவக் கூப்பிட்டேன், வரவில்லை. பாயில் படுத்துத் தூங்கியும் போனான், மூடின கை திறக்கவே இல்லை. சாயங்காலம் அம்மா சிமெண்ட் படிந்த சேலையோடு வாசலில் வந்து நின்றதும் ஓடிப்போய்க் கையை விரித்தான். மஞ்சளும் வெள்ளையும் பிசைந்து, விரல் இடுக்கெல்லாம் ஒட்டியிருந்தது.

அந்த அம்மா அங்கேயே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, அவன் விரல் ஒவ்வொன்றிலிருந்தும் எடுத்துச் சாப்பிட்டார். "உப்பு இருக்கா?" என்று கேட்டான். "இருக்குடா" என்றார்.

வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா.